டீ ஆற்றங்கரை விழாக்களில் எங்களுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

ஸ்காட்லாந்தின் அபர்டீன் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கும், டீ (Dee) ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் எங்கள் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை அபோயினில் தொடங்கி, செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமரில் நிறைவுற்ற இந்த ஆண்டின் ஹைலண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) விளையாட்டு விழாக்களில், எங்கள் மகள் நடனப் போட்டியாளராகவும் நாங்கள் பார்வையாளர்களாகவும் கலந்துகொண்டோம். விழாக் குழுக்களுக்கு ஆங்கிலத்தில் தனியே நன்றி எழுதிவிட்டோம். இம்மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், எங்களுக்குக் கைகொடுத்தவர்களுள் பலர் நம்மவர்கள் என்பதும், மற்றவர்கள் யார், அவர்கள் செய்தது என்ன என்பதை நம்மவர்கள் அறிய வேண்டும் என்பதுமே ஆகும்.

எங்கள் முதல் நன்றி நடன ஆசிரியைக்கு உரியது. ஹைலண்ட் நடனம் வெறும் துள்ளலாகத் தோன்றலாம். ஆனால் அது மிகுந்த கட்டுப்பாடு கொண்ட கலை. ‘ஹைலண்ட் ஃபிளிங்’ என்ற நடனத்தை ஆடுபவர் நின்ற இடத்திலேயே ஆடி முடிக்க வேண்டும். வாள் நடனத்தில், தரையில் குறுக்கும் நெடுக்குமாக வைக்கப்பட்ட இரு வாள்களின் இடைவெளிகளில் கால் பதித்து ஆடும்போது, பாதம் பட்டு வாள் இடம்பெயர்ந்துவிட்டால் ஆடியவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். குளிர்காலம் முழுவதும் ஊர் மண்டபத்தில், வெளியே இருட்டிய பின்னரும், தாளம் தவறிய ஒவ்வோர் இடத்தையும் பொறுமையுடன் திருத்திய அந்த அம்மையார், எங்கள் மகளை ஒருநாளும் வெளியூர்ப் பிள்ளையாக நடத்தியதில்லை.

உடை விஷயத்தில் நாங்கள் பெற்ற உதவி பெரிது. வளரும் பிள்ளைக்குப் புதிதாகக் கில்ட், அதாவது டார்டன் எனப்படும் கட்டம்போட்ட துணியில் தைத்த மடிப்புப் பாவாடை, தைப்பது செலவு மிகுந்த காரியம். ஆகவே இங்குள்ள நடனக் குடும்பங்களிடையே கில்ட் ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்குக் கைமாறும் வழக்கம் உள்ளது. அவ்வாறு எங்களுக்குக் கிடைத்த கில்ட்டின் மடிப்புகளைப் பிரித்து, டார்டன் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி மீண்டும் கையால் தைத்துத் தந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியார். அபோயின் விழாவுக்குரிய உடையையும் அவரே சீர்செய்தார். ஆண்களுக்குரிய கில்ட் உடையில் பெண்கள் ஆடுவதை ஏற்காத அவ்வூர் விழாக் குழு, 1950களில் வகுத்த விதியிலிருந்து பிறந்தது அது. வெள்ளைச் சட்டை, மார்க்கச்சு, விரிந்த டார்டன் பாவாடை ஆகியவை கொண்ட அவ்வுடைக்கு இன்றும் அபோயின் உடை என்றே பெயர். அந்த விதியை நான் ஏற்கவில்லை என்றாலும், அதிலிருந்து இவ்வளவு அழகான உடை ஒன்று உருவானதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நடன மேடையின் ஓரத்தில் நின்று வாசித்த பேக்பைப் (காற்றுப்பை கொண்ட குழலிசைக் கருவி) கலைஞர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிறு பிள்ளைகளிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்கள் வரை ஒவ்வொரு பிரிவுக்கும் அதே மெட்டுகளை, அதே வேகத்தில், நாள் முழுவதும் வாசிப்பது எளிதன்று. வேகம் சற்றுக் கூடினாலும் பிள்ளைகளின் கால்கள் தடுமாறிவிடும். மழைத்தூறலில் மேடை நனைந்தபோதெல்லாம் துணியோடு ஓடிவந்து பலகைகளைத் துடைத்த இளைஞர்களையும் நாங்கள் மறக்கவில்லை.

ஆகஸ்டு இரண்டாம் வியாழக்கிழமை நடந்த பாலட்டர் விழாவுக்கு என் தந்தையாரையும் அழைத்துச் சென்றோம். கோலூன்றி நடக்கும் அவரைக் கண்டதும், கேட்காமலேயே கயிற்றுக்கு அருகில் நாற்காலி போட்டு அமர்த்தினார் ஒரு தன்னார்வலர். ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள கேபர் மரத்தை வீசும் போட்டியில் எவ்வளவு தூரம் என்பது கணக்கில்லை, மரம் தலைகீழாகப் புரண்டு, வீசியவருக்கு நேர் எதிரே, கடிகாரத்தின் 12 மணித் திசையில் விழ வேண்டும் என்பதை அவர் விளக்கியதால், அப்பா அந்தப் போட்டியை முழுமையாக ரசித்தார். மேலும் நான் கவனித்தது இது: வீசுபவருக்குக் கைதட்டுகிறோம், ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த மரத்தைத் தூக்கி வந்து, நிமிர்த்திப் பிடித்து, அவர் கைகளில் சேர்ப்பவர்கள் ஊதியம் பெறாத ஊர்க்காரர்கள். வீடு திரும்பும் வழியில் பொட்டார்க் பாலத்தருகே உள்ள டின்னி கற்களையும் பார்க்கச் சொன்னவர் அதே தன்னார்வலர்தாம். 1860இல் டொனால்டு டின்னி என்ற பலசாலி சுமந்ததாகப் போற்றப்படும் அவ்விரு கற்களின் மொத்த எடை 332.5 கிலோ என்று அறிந்தபோது, தம் ஊரின் இளவட்டக்கல்லைப் பற்றி அப்பா வெகுநேரம் பேசினார்.

ஆகஸ்டு நான்காம் சனிக்கிழமை ஸ்ட்ராத்டானில் நடைபெறும் லோனாக் விழா டீ ஆற்றங்கரையைச் சேர்ந்ததன்று. வடக்கே டான் ஆற்றுப் பக்கம் உள்ளது. ஈட்டியும் கோடரியும் ஏந்திய லோனாக் வீரர்கள் காலையிலேயே அணிவகுத்துப் புறப்பட்டு, வழியிலுள்ள வீடுகளில் விஸ்கி உபசாரம் பெற்று, பிற்பகலில் மைதானத்துக்குள் நுழைகிறார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் குதிரை வண்டி ஒன்றும் பின்னால் வருகிறது. 1823இல் இவ்விழாவை நடத்தும் சங்கத்தை நிறுவிய சர் சார்லஸ் ஃபோர்ப்ஸ், பம்பாயில் வணிகம் செய்து பொருளீட்டியவர். மும்பையில் பல்லாண்டுகள் பணியாற்றிய அப்பாவுக்கு அந்தப் பெயர் புதிதன்று. அன்று பெய்த மழையில் எங்களைத் தம் வீட்டுக்குள் அழைத்து, தேநீர் தந்து, அப்பாவின் காலணிகளை அடுப்பருகே உலர்த்தித் தந்த தம்பதியருக்கு என் மனமார்ந்த நன்றி.

பிரேமர் பெருவிழா. 1848இல் விக்டோரியா அரசியார் வருகை தந்தது முதல் அரச குடும்பத்தின் தொடர்பு அவ்விழாவுக்கு நீடிக்கிறது. ஆயினும் அதை நடத்தும் சங்கம் 1815இல் உள்ளூர்க் கைவினைஞர்களின் உதவிச் சங்கமாகத் தோன்றியது. கூட்டம் கலைந்தபோது சேற்றில் புதைந்த எங்கள் காரை டிராக்டரால் இழுத்துவிட்ட விவசாயி, பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு எங்கள் வணக்கம்.

இனி நம்மவர்களுக்கு. அதிகாலையில் எழுந்து எலுமிச்சைச் சோறு கட்டித் தந்த அக்காவுக்கும், கைக்குழந்தையை நாள் முழுவதும் பார்த்துக்கொண்ட அண்ணி அவர்களுக்கும், மருத்துவமனை இரவுப் பணியை முடித்த களைப்போடு அபோயினுக்கு வந்து பிள்ளைக்குக் கொண்டையிட்டுவிட்ட தங்கைக்கும், தம் காரில் அப்பாவை அழைத்து வந்த தம்பிக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். நீங்கள் இல்லையெனில் எங்களால் ஒரு விழாவுக்குக்கூடச் சென்றிருக்க இயலாது.

அடுத்த ஆண்டு அபோயின் விழாவுக்கு முந்தைய நாள் நாற்காலி அடுக்கவும், கயிறு கட்டவும், கார் நிறுத்துமிடத்தில் வழிகாட்டவும் எங்கள் குடும்பம் முன்வந்துள்ளது. உடன் வர விரும்பும் குடும்பங்கள் வசந்தகாலத்துக்குள் எங்களிடம் தெரிவித்தால், விழாக் குழுவிடம் சேர்த்தே பெயர் கொடுத்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
அபர்டீனிலிருந்து ஒரு தாய்