கியூபாவை விட்டுப் போனவர்களையும் தமிழுக்குக் கொண்டுவாருங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம். சே குவேராவையும் ஃபிடல் காஸ்ட்ரோவையும் தமிழில் வாசித்துத்தான் எனக்குக் கியூபா அறிமுகம். அந்த நன்றியோடு கேட்கிறேன். 1959 புரட்சிக்குப் பிறகு அந்தத் தீவை விட்டுக் கிளம்பியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அமெரிக்காவில் எழுதிய கதைகளையும் எங்களுக்குத் தாருங்கள்.

முதலில் கிறிஸ்டினா கார்சியாவின் ‘ட்ரீமிங் இன் கியூபன்’ (1992) நாவல். பாட்டி சேலியா புரட்சியின் பக்கம். முத்துத் தோடு போட்டுக்கொண்டு, கையில் பைனாகுலரோடு, எதிரி வருகிறானா என்று கடலைக் காவல் காக்கிறாள். மகள் லூர்தெஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் பேக்கரி நடத்துகிறாள். தன் கடைப் பலகாரங்களைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்புகிறாள். தட்டுப்பாட்டில் இருக்கும் ஊருக்குப் பளபளக்கும் கேக்கின் படம்! தாய்க்கும் மகளுக்கும் நடுவே உள்ள அரசியல் சண்டை முழுவதும் அதில் இருக்கிறது. பேத்தி பிலார் இரண்டு வயதில் நாட்டை விட்டவள். அம்மா சொல்லும் கியூபா வேறு, பாட்டியின் கியூபா வேறு. தனக்கென்று ஒன்றைத் தேடி 1980இல் அங்கே போகிறாள். போன பிறகுதான், நியூயார்க்தான் கூடுதலாகத் தன் ஊர் என்று அவளுக்குப் புரிகிறது.

அதே 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் படகேறினார்கள். அதற்கு முன்பே, 1960-62இல், 14,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் தனியாக விமானம் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஊரைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதையே தங்கள் நினைவாக்கிக்கொண்டு வளர்ந்த தலைமுறையின் எழுத்து இது.

அனா மெனெந்தெஸின் சிறுகதை ஒன்றும் இருக்கிறது. ஹவானாவில் பேராசிரியராக இருந்த மாக்சிமோ, மயாமி பூங்காவில் புள்ளிக் கட்டைகளை வைத்து டோமினோ விளையாடுகிறார். சுற்றுலாப் பயணிகள் அவரை வேடிக்கை பார்த்துப் படம் பிடிக்கிறார்கள். படித்து முடித்தும் அந்த அவமானம் என்னை விடவில்லை.

இவற்றை அமெரிக்கப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கார்சியா சேலியாவை எங்கும் சிறுமைப்படுத்தவில்லை. லூர்தெஸின் கோபத்துக்கும் காரணம் சொல்கிறார். அதனால், எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதும் முன்னுரையையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். ஈழத்துப் புலம்பெயர் எழுத்தை வாசித்துப் பழகிய வாசகர்கள் நாங்கள், எங்களை நம்பலாம்.

ஒரு நாவலுக்காவது இந்த ஆண்டே உரிமை வாங்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்