டிரைவர் அப்டேட் ஏன் தாமதமாகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் அளவீட்டுக் கருவியின் லினக்ஸ் டிரைவரில் நினைவகக் கசிவு (வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காத கோளாறு) இருப்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது உங்களில் சிலர்தான். திருத்தம் தயார் என்று நாங்களும் உடனே பதில் எழுதிவிட்டோம். அப்புறம் அப்டேட் எங்கே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஒரே பெயரில் இரண்டு கருவிகளைச் செருகினால், இரண்டாவதைப் பதிவு செய்ய லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மறுத்துவிடும். எங்கள் பின்னணிச் சேவையோ விடாமல் நொடிக்கொரு முறை முயன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் டிரைவர் 4 கேபி நினைவகம் வாங்கும், பதிவு தோற்றதும் அதைத் திருப்பிக் கொடுக்காமலேயே வெளியேறிவிடும். 4 கேபிதானே என்று தோன்றலாம். ஒரு நாளைக்கு 86,400 நொடி. கணக்குப் போட்டால் 337 எம்பியைத் தாண்டுகிறது. கெர்னல் வாங்கிய நினைவகம் எந்த புரோகிராமின் கணக்கிலும் ஏறாது. அதனால் ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் எவ்வளவு தேடினாலும் ஆள் சிக்காது. கணினியின் நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில், கெர்னலால் திரும்பப் பெற முடியாத நினைவகத்தைச் சொல்லும் எஸ்அன்ரீகிளெய்ம் என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

முதல் திருத்தத்தில், பதிவு தோற்கும் இடத்தில் கேஃப்ரீ போட்டு நினைவகத்தை விடுவித்தோம். ரிவ்யூவில் அது நிற்கவில்லை. கருவியைப் பதிவு செய்யும் டிவைஸ் ரெஜிஸ்டர் செயல்கூறை ஒருமுறை அழைத்துவிட்டால், அது தோற்றாலும் நாமே நேரடியாக விடுவிக்கக் கூடாது, கெர்னல் தரும் புட் டிவைஸ் வழியாகத்தான் விட வேண்டும். கெர்னல் மூலநிரலில் டிவைஸ் ரெஜிஸ்டரின் தலையிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். படித்திருக்க வேண்டும்; படிக்கவில்லை. நாங்கள் செய்தபடி விட்டிருந்தால் கருவியின் பெயருக்காக வாங்கிய சில பைட்டுகள் அப்போதும் கசிந்துகொண்டிருக்கும்.

சரி என்று புட் டிவைஸைச் சேர்த்தோம். பழைய கேஃப்ரீ வரியை எடுக்க மறந்தோம். புட் டிவைஸ் எங்கள் ரிலீஸ் செயல்கூறை அழைத்து நினைவகத்தை விடுவிக்கும். அடுத்த வரி அதையே மறுபடி விடுவிக்கும். கசிவைவிட இது மோசம். கசிவில் கணினி மெதுவாகும், அவ்வளவுதான். இரண்டு முறை விடுவித்தாலோ ஒரே இடம் இருவருக்குப் போய், ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதக்கூடும். கணினி முடங்கலாம், உங்கள் அளவீடுகளே சத்தமில்லாமல் கெடவும் செய்யலாம். அதனால்தான் வெளியீட்டை நிறுத்தினோம்.

இப்போது கேஃப்ரீ வரி இல்லை. வேண்டுமென்றே பதிவைத் தோற்கடித்து, கசிவைத் தேடும் கேமெம்லீக், நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைப் பிடிக்கும் கேசான் இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கேமெம்லீக் 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் தானாகத் தேடும், முதல் அறிக்கையை அப்படியே நம்பவும் முடியாது. அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கிறது. நொடிக்கொரு முறை முட்டும் சேவையையும் இடைவெளி விட்டு முயலும்படி மாற்றியிருக்கிறோம்.

அதுவரை இரண்டு கருவிகளுக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினாலும் கசிந்த நினைவகம் திரும்பாது. அப்டேட் வந்து நிறுவியதும் மறக்காமல் ஒரு முறை ரீபூட் செய்யுங்கள்.

அன்புடன்,
டிரைவர் குழு