அது வெறும் எல்லைக்கல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நில அளவைக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். இந்தியாவின் பெரிய முக்கோண நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் அளவுச் சங்கிலியைப் பிடித்ததில் ஆரம்பித்து நன்றாகவே சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் கூடவே போட்டிருந்த படம் தவறு. அது வயல் மூலையில் நடுகிற சர்வே கல். பட்டா நிலத்தின் எல்லையைக் காட்டுவது. வரப்புத் தகராறு வந்தால் தாசில்தார் ஆபீஸ் சர்வேயர் வந்து தேடுவது. லாம்டனுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

லாம்டன் ஆட்கள் விட்டுப்போனவை மலை உச்சியிலும் மேட்டிலும் இருக்கும் முக்கோண அளவை நிலையங்கள். ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதை அவை சொல்லும். பிற்பாடு மட்ட அளவை செய்தவர்கள் வெட்டிவைத்தது பென்ச் மார்க். அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். நான் பதினோரு வருடமாகத் தேடி அலைவது இந்த இரண்டாவது வகையை.

ரயில்வேயில் இருந்தவன் நான். ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பதைத் தினமும் பார்த்தேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் பேத்தி கேட்டாள்: “தாத்தா, கடல் எங்கேயோ இருக்கு, இங்கேருந்து எப்படி அளந்தாங்க?” பதில் தெரியவில்லை. வம்பு அங்கே ஆரம்பித்தது.

கடல் மட்டம் ஏறி இறங்குவதைத் துறைமுகங்களில் நெடுநாள் குறித்துவைத்து, அதன் சராசரியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். அன்றைய இந்தியாவுக்கு ஒன்பது துறைமுகங்கள். கராச்சி, பம்பாய், விசாகப்பட்டினம் என்று போகும் அந்தப் பட்டியலில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. நாகப்பட்டினம் அதில் இருப்பது எங்கள் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. இந்தத் துறைமுகங்களிலிருந்து லெவல் கருவியையும் அளவுக் கம்பையும் வைத்துக்கொண்டு, சாலையோரமாகவும் தண்டவாளத்தை ஒட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக உள்நாட்டுக்குள் உயரத்தைக் கடத்திக்கொண்டே போனார்கள். 1858-இல் தொடங்கிய வேலை. கோடுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கை முடித்தது 1909-இல். வழியில் அசையாத கல் எது கண்ணில் பட்டாலும் அதில் ஒரு சதுரம் வெட்டி, ஜி.டி.எஸ்., பி.எம். என்று ஆங்கில எழுத்தைப் பொறித்துவிட்டுப் போனார்கள். ஜி.டி.எஸ். என்றால் கிரேட் ட்ரிகனாமெட்ரிகல் சர்வே, பி.எம். என்றால் பென்ச் மார்க். கோயில் படி, பாலத்துக் கட்டை, மதகு, பாறை, எதையும் விடவில்லை.

தேடுவதற்குப் பழைய சர்வே மேப் வேண்டும். பி.எம். என்று போட்டுப் பக்கத்தில் உயரம் இருக்கும். பழைய தாளென்றால் அடிக்கணக்கு. மீட்டர் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பத்தில் ஏமாந்திருக்கிறேன். ஆனால் மேப்பில் புள்ளி வைப்பது சுலபம், தரையில் அந்தப் புள்ளி ஒரு ஃபர்லாங் நீளத்துக்கு விரிந்து கிடக்கும்.

முதலில் கிடைத்தது ஒரு சாலையோரப் பிள்ளையார் கோயில் படியில். மூன்று படி. கடைசிப் படி பாதி மண்ணுக்குள். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். முதலில் ஒரு நேர்கோடு. அப்புறம் அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. சதுரம் முழுசாக வந்து, அதற்கு மேலே ஒரு ‘டி’ தெரிந்தபோது கை நடுங்கியது என்றால் சிரிப்பீர்கள். பூசாரி எட்டிப் பார்த்து, “இதுவா சார், நாங்க இதுல வச்சுத்தான் சூடம் கொளுத்துவோம்” என்றார். சதுரத்துக்குள் கறுப்பாக இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

எல்லா இடத்திலும் இந்த மரியாதை கிடைக்காது. மதகுக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து டார்ச் அடித்தால் ஊர் என்ன நினைக்கும்? புதையல்தான். ஒருமுறை நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். கல்லின் உயரத்தைப் பார்க்க வந்தேன் என்றேன், சந்தேகம் இன்னும் கூடிற்று. இப்போதெல்லாம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பள்ளிக்கூட புராஜெக்ட் என்றால் டீயே வாங்கிக் கொடுக்கிறார்கள்.

செல்போனே உயரத்தைக் காட்டுகிறதே, இந்தக் கல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜி.பி.எஸ். கருவி நேரடியாகத் தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம் இல்லை. பூமியை வழுவழுப்பான ஒரு கணித உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து எண்ணுகிறது. நம் பக்கத்தில் நிஜமான கடல் மட்டம் அந்தப் பரப்புக்குச் சுமார் எண்பது தொண்ணூறு மீட்டர் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இன்னும் ஆழம். ஆகவே திருத்தம் போடாத கருவியோடு மெரீனா மணலில் நின்றால், எண்பது சொச்சம் மீட்டர் பள்ளத்தில் நிற்பதாகக் காட்டும். தண்ணீருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அது மட்டம் பார்த்துத்தான் ஓடும். டெல்டாவில் ஒரு சாண் உயர வித்தியாசம் வாய்க்காலின் போக்கையே மாற்றிவிடும். நூறு வருஷத்துக்கு முன் உயரம் குறித்த கல் அசையாமல் இருந்தால், மறுபடி மட்டம் பிடித்து நிலம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கல் போய்விட்டால் அந்தப் பழைய எண் வெறும் எண்தான்.

கற்கள் போய்க்கொண்டிருக்கின்றன. நான் படமெடுத்து வைத்திருந்த ஒரு மதகு சாலை அகலப்படுத்தியதில் காணாமல் போயிற்று. ஒப்பந்தக்காரரின் ஆட்களிடம் கேட்டேன், கல்லை உடைத்து ஜல்லியில் கலந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது என்னவென்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அரசு நட்ட அளவைக் குறியை அழித்தாலோ நகர்த்தினாலோ ஒரு வருடம் வரை சிறை என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவிலேயே இருந்தது. இதைவிட எனக்குப் பயம் கோயில் திருப்பணி. பக்தியோடு படிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 1936-இலிருந்து மலைமேல் கட்டிய அளவைத் தூண்கள் ஆறாயிரத்துக்கும் மேல். அவற்றை ஒவ்வொன்றாக ஏறித் தொட்டுவிட்டு வருவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் ஏராளம். அமெரிக்காவில் அரசின் அளவைத் துறையே ஒவ்வொரு குறிக்கும் ஒரு குறிப்புத்தாள் வைத்திருக்கிறது. தேடிப் போன சாதாரண ஆட்கள் ‘இருக்கிறது’, ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொண்டார்கள். நம் சர்வே ஆஃப் இந்தியாவும் இப்படி ஒரு வழி வைத்தால், என்னைப் போல வேலையில்லாத கிழவர்கள் மாவட்டத்துக்குப் பத்துப் பேர் கிடைப்போம். சம்பளம் வேண்டாம், பஸ் காசு போதும்.

அதுவரை, வாசகர்கள் தங்கள் ஊர்க் கோயில் படியையும் பழைய பாலத்தையும் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். சதுரமும் எழுத்தும் தெரிந்தால் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். பெயிண்ட் மட்டும் அடிக்க வேண்டாம், எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று உளி வைக்கவும் வேண்டாம்.

என் மேப்பில் கொள்ளிடக் கரையில் ஒரு பி.எம். பாக்கி இருக்கிறது. மூன்று முறை போய் மூன்று முறையும் கருவேல முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு திரும்பினேன். பங்குனியில் புதர் காய்ந்ததும் மறுபடி போவதாக உத்தேசம். அந்தப் பக்கத்து வாசகர் யாராவது அரிவாளோடு கூட வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
மயிலாடுதுறை.