பைனாகுலரை விற்க வேண்டாம், பாப்பா

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நேற்று ராத்திரி போனில் உனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எனக்கும் பேச்சு வரவில்லை. எழுதினால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

'96' படத்தைத் திரும்பவும் பார்த்ததாகச் சொன்னாய். 2018 அக்டோபரில் அது வந்த புதுசில் நாம் ரெண்டு பேரும் தஞ்சாவூரில்தான் பார்த்தோம். நீ அப்போது பத்தாவது. திரையில் நம்ம ஊர், நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் விரும்பிப் பிரிந்துபோகிற ராமும் ஜானுவும் என் வயசுக்காரர்கள். கடைசிப் பரீட்சை முடிந்ததும் பேனாவைத் திறந்து சட்டையில் இங்க் உதறுவது எங்கள் காலத்து வழக்கம். அந்தக் காட்சி வந்தபோது என் கை தானாக உன் கையைப் பிடித்தது. நீ திரும்பிப் பார்த்தாய். வண்டியில் வீட்டுக்கு வரும்போது பின்னாலிருந்து கேட்டாய்: "அம்மா, உனக்கும் ஒரு ராம் இருந்தாரா?" "பேசாமல் உட்கார், எதிரே லாரி வருது" என்றேன். அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம்.

இருந்தான். பதினொன்றாம் வகுப்பு, டியூஷனில் கூடப் படித்தவன். என் தாவரவியல் ரெக்கார்டு நோட்டை ஒருநாள் கேட்டு வாங்கிப் போனான். மூன்றாம் நாள் திருப்பித் தந்தான். செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம் வரைந்திருந்த பக்கத்துக்குப் பின்னால், பென்சிலால் ஒரே வரி: 'வரைவதை விட்டுவிடாதே.' ஆத்தா பார்த்துவிடப் போகிறாள் என்று பயந்து ரப்பரால் அழித்தேன். பென்சிலை அழுத்தி எழுதியிருக்கிறான் போல. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்தின் பள்ளம் அப்படியே தெரிந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கியதும் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன்.

அவ்வளவுதான் பாப்பா, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாவது முடித்து அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அவன் முகம்கூட இப்போது சரியாக நினைவில் இல்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும்வரை எனக்குப் படம் வரையத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மதிப்பெண்ணுக்காகச் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்கு ஆரி எம்பிராய்டரி வேலைக்கு டிரேஸ் பேப்பரில் நான் போடுகிற கொடியும் மயிலும் அங்கே தொடங்கியதுதான். உன் கல்லூரி ஃபீஸில் பாதி அந்த மயில்கள் கட்டியது. அப்பாவுக்கும் இந்தக் கதை தெரியும், கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன்.

எல்லோரும் அந்தப் படத்தில் ராமுக்காக அழுதார்கள். ஜானு நெஞ்சில் கை வைத்தால் மயங்கி விழுகிறவன், இங்க் பட்ட சட்டையைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறவன். அவனுக்காக நானும்தான் அழுதேன். ஆனால் என்னைப் போட்டு உலுக்கியது ஜானுதான். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பாட்டுப் பாடுகிறாள். அவன் ஆசையாகக் கேட்கிற 'யமுனை ஆற்றிலே' மட்டும் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, அவன் வீட்டில் கரண்ட் போன இருட்டில், யாரும் கேட்காமல் எடுக்கிறாள் பார், அந்தப் பாட்டை! அவன் இருட்டில் தட்டுத் தடுமாறி ஓடி வருகிறான். அப்போது எனக்கு அவன்மேல் கண்ணே போகவில்லை. சிங்கப்பூர், புருஷன், குழந்தை என்று ஆகிவிட்ட பிறகும் இந்தக் குரல் இவளிடம் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அந்தப் பாட்டு அவன் ஆசைப்பட்டது. குரல் அவளுடையது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நல்ல பையனாகத்தான் தெரிந்தான். உங்களுக்குள் ஒத்துவரவில்லை, அதை ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசிப் பிரிந்திருக்கிறீர்கள். ராமுக்கும் ஜானுவுக்கும் அதுகூட வாய்க்கவில்லை. வலிக்கத்தான் செய்யும். சாப்பாட்டை மட்டும் தவிர்க்காதே.

ஆனால் நேற்று நீ சொன்ன ஒன்று எனக்குப் பொறுக்கவில்லை. "பைனாகுலரை விற்றுவிடப் போகிறேன்மா, அவனோடு போன பழக்கம்தானே அது." ஒன்பது மணிவரை தூங்குகிற என் பெண், புனேயில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பாஷாண் ஏரிக்குப் பறவை பார்க்கப் போனாள். "அம்மா, நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்ட மாதிரி ஒரு கறுப்புப் பறவை" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். நாமக்கோழி என்று பெயர் தெரிந்ததும் நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போனது அவனாக இருக்கலாம். பார்த்தது உன் கண்தானே? அசையாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தது நீதானே? உனக்கு இவ்வளவு பொறுமை உண்டு என்று பெற்ற எனக்கே தெரியாது. அதைப் போய் அவன் கணக்கில் எழுதுகிறாயே.

விற்கவும் வேண்டாம், ராம் மாதிரி பெட்டியில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். இப்போதைக்கு ஏரிப் பக்கம் போகப் பிடிக்கவில்லை என்றால் போகாதே. பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா. நம்ம கொல்லைப்பக்க வாய்க்காலில் நாலு நாளாக ஒரு பறவை வருகிறது. மடையான் இல்லை, மீன்கொத்தியும் இல்லை. வால் குட்டை, கால் மஞ்சள். நான் கிட்டே போனால் பறந்துவிடுகிறது. டிரேஸ் பேப்பரில் குத்துமதிப்பாக வரைந்து வைத்திருக்கிறேன், அலகு மட்டும் சரியாக வரவில்லை. நீ வந்து பார்த்துச் சொல்.

அன்புடன்
அம்மா