பாலைப்பழம் வந்துவிட்டது

வேதாரண்யம்,
ஆனி 18.

அன்புள்ள முருகேசா,

பேத்தி காதுகுத்துக்கு அலைந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. கோபிக்காதே.

பாலைப்பழம் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். வந்துவிட்டது. போன ஞாயிறு கோடியக்கரை போகிற வழியில் ஒரு அம்மா டம்ளர் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு டம்ளர் வாங்கி நின்ற இடத்திலேயே தின்றேன். உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் தடவித்தான் பிரித்தேன். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்க, நீ வாயைத் திறக்க முடியாமல் நின்று அடிவாங்கியது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

காட்டுக்குள்ளும் போனேன். 1967-இல் இதைச் சரணாலயம் ஆக்கியபோது நமக்கு ஒன்பது வயது. விறகுக்குப் போனால் விரட்டுகிறார்கள் என்று உன் ஆத்தா புலம்பியது நினைவிருக்கும். 2002-இல் ராம்சார் பட்டியலிலும், அதுதான் உலகத்தின் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியல், சேர்த்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் வெளிமானையும் பூநாரையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மரத்தை யார் பார்க்கிறார்கள்?

2018 கஜா புயலில் என் தோப்பில் பாதித் தென்னை சாய்ந்தது உனக்குத் தெரியும். காட்டிலும் சேதம்தான். ஆனால் நான் அப்போது பார்த்த பாலைகளில் பல, இலை மொத்தமும் உதிர்ந்து மொட்டையாக நின்றவை, கொஞ்ச நாளில் துளிர்த்துவிட்டன. தண்ணீரில் போட்டால் மூழ்குகிற கட்டை அல்லவா, சும்மாவா?

என் கவலை பெரிய மரத்தைப் பற்றி இல்லை, கன்றைப் பற்றி. ராமர் பாதத்துக்குப் போகிற பக்கம் ஒரு கிழட்டுப் பாலையின் கீழ் குந்தி உட்கார்ந்து மணலில் தேடினேன். பதினொரு கன்று, எதுவும் விரல் நீளம் தாண்டவில்லை. ஏழில் நுனியை மான் கடித்திருந்தது. நாலடி தள்ளிச் சீமைக்கருவேலம், ஆள் உயரம், போன வருடம் அங்கே இல்லாதது. அதன் நெற்றை மாடும் குதிரையும் தின்று போகிற இடமெல்லாம் சாணியோடு விதைத்துவிடுகின்றன. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி வெடிக்கிறது. மெஷினை விட்டுப் பிடுங்கினால் பக்கத்தில் இருக்கிற காரை, சூரை, சங்கஞ்செடி எல்லாம் சேர்ந்து போகும். ஆள் வைத்துக் கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது என் கட்சி. செலவு ஆகும், ஆகட்டும்.

கடல் தாண்டி இலங்கையின் வன்னிப் பக்கத்திலும் இதே பாலைதான். உன் சம்பந்தி வீட்டார் அந்தப் பக்கம்தானே, அங்கே கன்று எப்படி வருகிறது என்று கேட்டு எழுது.

ஐப்பசி மழைக்கு வா. கண்வலிப்பூ பூத்திருக்கும். அதன் இலை நுனி சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பேத்திக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். கிழங்கைத் தொடாதே என்றும் சொல்லிவைத்திருக்கிறேன், விஷம். பழம் அதுவரை தாங்காது. கொஞ்சம் வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டிருக்கிறேன். உன் தம்பி மகன் வருகிறானாமே, அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
சேகர்