வடிகால் மூடிகளை மாற்றித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்னையில் அன்றாடம் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் எங்கள் எல்லோருடைய வணக்கம்.

நம் சாலையோர மழைநீர் மூடிகளில் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீண்டு கிடந்தன. இரண்டு கம்பிக்கு நடுவே 4 செ.மீ. சந்து. பந்தய வகை சைக்கிள்களின் மெல்லிய டயர் 2.5 செ.மீ.தான். முன்சக்கரம் சந்தில் இறங்கினால் வண்டி அங்கேயே நிற்கும், ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவார். ஐப்பசி மழையில் சந்து கண்ணுக்கே தெரியாது.

முதல் நன்றி பேப்பர் போடும் தம்பிகளுக்கு. மாநகராட்சிக்குத் தரும் மனுவுக்காகச் சைக்கிள்களை ஏழு மணிக்கு எண்ணத் தொடங்கினால் பேப்பரும் பாலும் போட்டு முடிந்திருக்கும் என்று சொன்னது அவர்கள்தாம். அதனால் விடியற்காலை ஐந்துக்கே தொடங்கி, கால் மணிக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டோம். பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், சுமை வண்டிகள் தனித்தனிக் கட்டத்தில். ‘இப்போ யாருங்க சைக்கிள் ஓட்டுறாங்க?’ என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். பெஞ்சு கொடுத்து டீயும் கொடுத்த கடைக்கார அண்ணனுக்கும் நன்றி.

நடப்பவர்களையும் சைக்கிளையும் முன்வைக்கும் போக்குவரத்துக் கொள்கையை மாநகராட்சி 2014இலேயே ஏற்றதை நினைவூட்டி, அதன் நகலை மனுவில் சேர்க்கச் சொன்ன ஓய்வுபெற்ற அலுவலர் ஐயாவுக்குக் கடன்பட்டிருக்கிறோம். சல்லடை மூடி மாநகராட்சியின் பொறுப்பு, வட்டமான பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்தின் பொறுப்பு என்று பிரித்துக் காட்டியவரும் அவரே. மூடிக்கு ஒரு படம், படத்தில் அளவு டேப், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணில் மூடிக்கு ஒரு புகார் என்று பிள்ளைகள் சலிக்காமல் செய்தார்கள். பத்து மூடிகளை ஒரே புகாரில் சேர்த்தால் எது சரிசெய்யப்பட்டது, எது பாக்கி என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

நேரில் வந்து குனிந்து அளந்து பார்த்த பொறியாளருக்கு மனமார்ந்த நன்றி. சதுர மூடிகளை எடுத்து, கம்பிகள் சாலைக்குக் குறுக்கே வரும்படி திருப்பிப் போட்டாலே போதும் என்றார், செலவே இல்லை. நீள்சதுர மூடிகள் அப்படித் திரும்பாது. அவற்றின் மேல் 10 செ.மீ.க்கு ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார் பட்டறை அண்ணன். பட்டையின் விளிம்பு டயரைக் கிழிக்காதபடி தேய்த்தும் விட்டார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

தார் போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுத்த தொழிலாளர்களுக்கும் நன்றி. மேலேயே போட்டிருந்தால் மூடிகள் பள்ளத்தில் போயிருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு மூடிகள் இன்னும் பாக்கி. சுற்றிலும் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறது, அந்த இடத்தில் வலப்பக்கம் ஒதுங்கிப் போங்கள்.

நன்றியுடன்,
சைக்கிளில் போய்வருவோர்