சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் பறவை வரையச் சொல்லித்தந்த அக்காவுக்கு நன்றி

துரைப்பாக்கம் ரேடியல் சாலை ஓரம், புதிதாக வரைய வந்தவர்களின் நோட்டைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்த அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். நீங்கள் சொன்னது மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

கண், இறகு எல்லாம் கடைசியில்தான். முதலில் மென்மையான 2பி பென்சிலால் உடல் சாய்ந்திருக்கும் கோணத்துக்கு ஒரு கோடு, அதன்மேல் முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம். பறவை அசைந்தால் அழிக்காமல் பக்கத்திலேயே அடுத்த படம். பழைய நிலைக்கு அது திரும்பும்போது விட்டதைத் தொடரலாம். நீண்ட கால்கள் கொண்ட நீர்ப்பறவையான நெடுங்கால் உள்ளானில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காலின் நடுவே பின்னோக்கி மடிவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்கும்போது பாதம் உடல் எடைக்கு நேர் கீழே வராவிட்டால், பறவை சரிந்து விழுவதுபோலவே தெரியும்.

வாட்டர்கலரில் அதன் வெள்ளை வயிற்றுக்கு வண்ணம் பூசாமல் தாளையே விட்டுவைத்து, நிழலுக்கு மட்டும் நீர்த்த சாம்பல் நீலம். கறுப்பு முதுகுக்கு டியூபிலிருந்து நேராக எடுத்த கறுப்பு சப்பென்று இருக்கும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்த கறுப்புதான் அழகு. சென்னைக் காற்றின் ஈரத்தில் முதல் பூச்சு காயத் தாமதமாகும். புறங்கையால் லேசாகத் தொட்டால் தாள் சில்லென்று இருக்கிறதா, இன்னும் காயவில்லை. அவசரப்பட்டால் கறுப்பு வயிற்றுக்குள் ஓடிவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாள் என்றால் அவ்வளவாக நெளியாது.

மறுபடி அந்தப் பக்கம் வந்தால், பூநாரையின் கழுத்து வளைவையும் ஒருமுறை வரைந்து காட்டுங்கள் அக்கா.